டிகிரி வந்த வருடம்

எங்கள் கல்லூரியில் பல வருடங்களாக டிப்ளமோ மட்டும்தான் இருந்தது. பள்ளிப்பட்டு, நகரி, சோளிங்கர் பக்கத்திலிருந்து பத்தாவது முடித்த பிள்ளைகள் வருவார்கள். மூன்று வருடம் படித்துவிட்டு அரக்கோணத்தில் ரயில்வே வேலைக்கோ சென்னைக்குப் போகும் வழியிலுள்ள கம்பெனிகளுக்கோ போய்விடுவார்கள். மேலே படிக்க நினைப்பவர்கள் வெளியூர்தான் போக வேண்டும். பையன்கள் போவார்கள். பெண்களில் பாதிப்பேர் அதோடு நின்றுவிடுவார்கள். நான் அங்கே சிவில் பிரிவில் ஆசிரியை. கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்த புதிதில் சேர்ந்தவள், அந்த வருடம் துறைத் தலைவியாக இருந்தேன்.

டிகிரி வகுப்பு தொடங்க அனுமதி கிடைத்தபோது கல்லூரியில் லட்டு கொடுத்தார்கள். முதல் வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும். அடுத்த வருடம் இன்னும் இரண்டு பிரிவுகள் கேட்கலாம் என்று முதல்வர் சொன்னார். அவர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, எங்கள் கல்லூரி மாதிரியே ஒரு டிப்ளமோ கல்லூரியில் படித்து மேலே வந்தவர். இந்த அனுமதிக்காக அவர் சென்னைக்கு எத்தனை தடவை போய் வந்தார் என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். மதியச் சாப்பாட்டை டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு காலை ரயிலில் போவார், சாயங்காலம் அதே டிபன் பாக்ஸைத் திறக்காமலே கொண்டுவருவார்.

அனுமதி என்றால் சும்மா இல்லை. இத்தனை கம்ப்யூட்டர் வேண்டும், இவ்வளவு பெரிய நூலகம் வேண்டும், கருத்தரங்கக் கூடம் வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியல். எங்களிடம் இருந்தது ஒரு பழைய மாடிக் கட்டடம், அதுவும் தூண் வைத்துக் கட்டியதல்ல, செங்கல் சுவரே பாரம் தாங்குகிற மாதிரி கட்டியது. கோடை விடுமுறையில் வேலை ஆரம்பித்தார்கள். கீழே இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை எடுத்துவிட்டு ஒரே கூடமாக ஆக்கினார்கள். சுவர் இருந்த இடத்தில், மேல்தளத்தைத் தாங்க ஓர் இரும்பு உத்தரத்தைக் குறுக்கே வைத்தார்கள். முதல் மாடி நூலகம் ஆயிற்று. அதற்கு மேலே புதிதாக ஒரு மாடி எழுப்பி கம்ப்யூட்டர் ஆய்வகம் வைத்தார்கள். எல்லாம் இரண்டே மாதத்தில்.

நான் சிவில் படித்தவள். வரைபடத்தைக் கேட்டிருக்க வேண்டும். கான்ட்ராக்டரின் இன்ஜினீயர் பார்த்துக்கொள்கிறார் என்றார்கள், சரி என்று இருந்துவிட்டேன். தேர்வுத்தாள் திருத்தும் வேலை இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் உண்மைதான்.

என் அக்கா வாழ்க்கைப்பட்டது பள்ளிப்பட்டில். அக்கா வீட்டுக்காரரை எங்கள் வீட்டுத் தெலுங்கில் பாவா என்போம், அவருக்கு நான்கு தறி. மூத்த பெண் பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். கலந்தாய்வில் சென்னையைத் தாண்டி ஒரு கல்லூரி கிடைத்தது, ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். பாவா முடியாது என்றுவிட்டார். பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அக்கா போனில் அழுதாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் பஸ் ஏறிப் போனேன்.

"பாவா, எங்க காலேஜ்லயே டிகிரி வந்துடுச்சி. காலைல பஸ் ஏறுனா சாயங்காலம் வூட்ல இருப்பா. அங்க நான் இருக்கேன் இல்ல?"

அவர் தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நல்ல காலேஜா அது? புதுசா ஆரம்பிக்கறாங்களே, பாதில மூடிட்டாங்கன்னா?"

"மூட மாட்டாங்க பாவா."

"ஆங். நீ சொல்றன்னுதான் அனுப்பறேன்."

அவள் சேர்ந்தாள். முதல் அணியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள், பாதிக்கு மேல் பெண்கள். அவர்களுக்கு வகுப்பு கீழே அந்தக் கருத்தரங்கக் கூடத்தில். புது மேசை, புது மின்விசிறி, சுவரில் பெரிய திரை. டிப்ளமோ பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

மழைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். தேர்வுக்கு இருக்கை எண் ஒட்ட அந்தக் கூடத்துக்குப் போயிருந்தேன். கடைசி வரிசைப் பெஞ்சுக்குப் பின்னால், உத்தரத்தின் முனை சுவரில் உட்காரும் இடத்திலிருந்து ஜன்னல் மூலைவரைக்கும் சரிவாக ஒரு கோடு. யாரோ பென்சிலால் இழுத்த மாதிரி இருந்தது. கிட்டப் போய் நகத்தை வைத்துப் பார்த்தேன். நகம் உள்ளே இறங்கியது.

சுவரில் விரிசல் விடுவது சாதாரணம்தான். நேராகப் போனால் ஒரு காரணம், படுக்கையாகப் போனால் ஒரு காரணம். பாரம் வந்து உட்காருகிற இடத்தில் தொடங்கிச் சரிவாகப் போனால் என்ன அர்த்தம் என்று வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவள் நான். தலைக்கு மேலே என்னென்ன இருக்கிறது என்று மனம் தானாகவே எண்ணத் தொடங்கியது. இரும்பு அலமாரிகள், அத்தனை புத்தகம், அதற்கு மேலே ஒரு முழு மாடி. இருக்கை எண்ணை ஒட்டாமலே வெளியே வந்துவிட்டேன்.

பட்டறையில் பாய் இருந்தார். பட்டறைப் பயிற்றுநர், அரக்கோணத்துக்காரர், கட்டட வேலையிலும் கைதேர்ந்தவர். அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் உளியை எடுத்து, விரிசலின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்தார். பூச்சில் மட்டும் விரிசல் என்றால் உள்ளே செங்கல் நன்றாக இருக்கும். செங்கல்லே இரண்டாகப் பிளந்திருந்தது.

"மேடம், இது பூச்சு இல்ல."

"தெரியுது பாய்."

"மேல புக்கு எவ்ளோ கீது தெரியுமா? நான்தான் அலமாரி ஏத்தினேன். எட்டுப் பேர் சேந்து தூக்கினோம் ஒவ்வொண்ணும்."

முதல்வரிடம் போனேன். அவர் மேசையில் இன்ஸ்பெக்‌ஷன் கோப்புகள் அடுக்கியிருந்தன. அடுத்த வாரம் பார்வைக் குழு வருகிறது. அவர்கள் பார்த்துத் திருப்தி என்று எழுதினால்தான் நடக்கிற டிகிரி தொடரும், புதிதாகக் கேட்ட இரண்டு பிரிவுகளும் கிடைக்கும். நான் சொன்னதை அவர் நடுவில் நிறுத்தாமல் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புது பாரம் வந்தா பழைய சுவர் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும் மேடம். உங்களுக்கு நான் சொல்லணுமா? அமுங்கி நின்னுடும்."

"நிக்கலைன்னா சார்?"

"ஒரு வாரம் பாக்கலாம். குழு வந்துட்டுப் போகட்டும். அப்புறம் லீவு விட்டு சரி பண்ணிடலாம். இப்ப நாம வாயத் திறந்தா இந்த நாப்பது பசங்களும் நடுத்தெருவுலதான்."

அதே கையோடு ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். கட்டடத்தை ஆய்வு செய்தேன், உறுதியாக இருக்கிறது என்று சிவில் துறைத் தலைவர் எழுதிக் கொடுக்க வேண்டிய கடிதம். தட்டச்சு செய்து தயாராக இருந்தது. கீழே என் பதவியும் கையெழுத்துக்கு ஒரு கோடும். நான் அதை எடுத்துக்கொண்டு வந்தேன். கையெழுத்துப் போடவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

விரிசல் நின்றுவிட்டதா, வளர்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய வழி இருக்கிறது. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவிட வேண்டும். சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். மலையடிவாரத்தில் சாமி படத்துக்கு ஃப்ரேம் போடும் கடையில் பாய் மூன்று துண்டுகள் விரல் நீளத்துக்கு வெட்டி வாங்கி வந்தார். சாயங்காலம் வகுப்பு விட்டதும் இரண்டு பேரும் ஒட்டினோம். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒன்று. யாரும் கேட்கக் கூடாது என்று அவற்றின்மேல் ஒரு பெரிய நாள்காட்டியை மாட்டினோம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றைக்கே அந்தக் கூடத்தைப் பூட்டியிருக்க வேண்டும். செங்கல் பிளந்ததைக் கண்ணால் பார்த்தேன். பரீட்சையில் ஒரு மாணவன் இந்தக் கேள்விக்கு, "ஒரு வாரம் பார்க்கலாம்" என்று பதில் எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன். ஆனாலும் நான் பூட்டவில்லை. கூடத்தைப் பூட்டினால் குழு கேட்கும், குழு கேட்டால் டிகிரி போகும், டிகிரி போனால் அக்கா மகள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். அவளை அந்தக் கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தவளே நான்தான். இரண்டு பக்கமும் பயம். அப்போதைக்கு எந்தப் பயம் சிறியதாகத் தெரிந்ததோ அதைப் பிடித்துக்கொண்டு ஆறு நாட்களை ஓட்டினேன்.

அந்த ஆறு நாட்களும் ஒரே மாதிரிதான் போயின. காலையில் வீட்டுக்காரரை ரயிலுக்கு அனுப்பிவிட்டு, யாரும் வருவதற்கு முன்னால் கல்லூரிக்குப் போய்விடுவேன். கூடத்துக் கதவைத் திறந்து நாள்காட்டியை விலக்குவேன். மூன்று கண்ணாடியும் முழுசாக இருக்கும். அப்பாடா என்று ஒரு மூச்சு. அந்த மூச்சு இரண்டாவது பீரியட் வரைக்கும் தாங்காது. மாடியில் யாராவது நாற்காலியை இழுத்தால் நான் வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவேன். மழை வேறு விடாமல் பெய்தது. பழைய சுவர் நனைந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்தும் குடையைப் பிடித்துக்கொண்டு சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன், நான் பார்த்துக்கொண்டே இருந்தால் அது நிற்கும் என்பதுபோல.

மூன்றாம் நாள் மதியம் அக்கா மகள் என் அறைக்கு வந்தாள்.

"சித்தி, உடம்பு சரியில்லையா? மூஞ்சியே நல்லா இல்ல."

"ஒண்ணும் இல்ல. நீ எந்த பெஞ்சுல உக்கார்ற?"

"கடைசிக்கு முன்னாடி. ஃபேன் காத்து நல்லா வருது."

"முன்னாடி வந்து உக்காரு. போர்டு தெரியும்."

"எனுக்குத் தெரியுது சித்தி." சிரித்துக்கொண்டே போய்விட்டாள். என் வீட்டுப் பெண்ணை மட்டும் முன்வரிசைக்கு நகர்த்தப் பார்த்தேன் என்பது அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மற்ற பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பவர்களும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகள்தானே. வெட்கமாக இருந்தது. அப்போதும் பூட்டவில்லை.

ஆறாம் நாள் கிருத்திகை. மறுநாளைக்கு மறுநாள் குழு வருவதாக இருந்தது. மலைக்கு வந்த கூட்டத்தில் ரோடு முழுக்க வண்டிகள். நான் ஏறிய ஷேர் ஆட்டோ பாதி வழியில் நின்றுவிட்டது. காவடியோடு ஒரு கூட்டம் கடந்துபோகும்வரை பொறுத்துப் பார்த்தேன், பிறகு இறங்கி மழையிலேயே நடந்தேன். கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் பீரியட் தொடங்கிப் பாதி நேரம் ஆகிவிட்டது.

பின்கதவை மெல்லத் திறந்தேன். புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியை பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கடைசி வரிசைப் பிள்ளைகள் எனக்கு வழிவிட்டு நகர்ந்தார்கள். நாள்காட்டியை விலக்கினேன். நடுக்கண்ணாடி முழுசாக இருந்தது. ஜன்னல் பக்கத்துக் கண்ணாடியும் அப்படியே. மேலே, உத்தரத்துக்குக் கீழே ஒட்டியது இரண்டாக உடைந்து, இரண்டு துண்டுகளுக்கும் நடுவே ஓர் அரிசி நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது.

காதில் எதுவும் கேட்கவில்லை. ஆசிரியையின் வாய் அசைவது தெரிந்தது. அக்கா மகள் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள், என்ன என்பதுபோல. கத்தினால் எல்லோரும் எழுந்து ஓடுவார்கள், பெஞ்சை இழுப்பார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். கத்தக் கூடாது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. சுவரை ஒட்டி நடந்து மேடைக்குப் போனேன்.

"எல்லாரும் எழுந்துக்கோங்க. பை, நோட்டு எல்லாம் இருக்கட்டும். முன்வரிசைல இருந்து ஒவ்வொரு பெஞ்சா வெளிய போங்க. மைதானத்துக்கு."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"மேடம், மழை பெய்யுதே," என்றார் அந்த ஆசிரியை. "இன்னிக்கு போர்ஷன் முடிக்கணும், நாளன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷன்..."

"நீங்களும் போங்கம்மா." அவர் என் முகத்தைப் பார்த்தார். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்கினார்.

பெஞ்சு பெஞ்சாகப் போனார்கள். எனக்கு அது அன்றைக்கு முழுதும் நடந்த மாதிரி இருந்தது. ஒரு பையன் செல்போனை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தான், அவன் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினேன். கடைசி ஆள் வாசலைத் தாண்டியதும் மாடிக்கு ஓடினேன். படிக்கட்டு கட்டடத்தின் மறுமுனையில் இருந்தது. நூலகத்தில் இருந்தவர்களையும் அதற்கு மேலே ஆய்வகத்தில் இருந்தவர்களையும் இறக்கினோம். பாய் கீழே நின்று, "மெல்ல வாங்க, ஓடாதீங்க, மெல்ல," என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். கல்லூரி முழுக்க மழையில் மைதானத்தில் நின்றது.

முதல்வர் குடையில்லாமல் ஓடி வந்தார்.

"என்ன பண்ணிட்டீங்க மேடம்?" கத்தவில்லை, ரகசியம் மாதிரி கேட்டார்.

"கண்ணாடி உடைஞ்சிடுச்சி சார்."

அவர் கட்டடத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். பாய் அதற்குள் பக்கத்தில் வீடு கட்டும் இடத்திலிருந்து தளத்துக்கு முட்டுக் கொடுக்கும் இரும்பு ஜாக்கிகளை ஒரு டெம்போவில் ஏற்றி வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். அவை வந்ததும் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடத்தை நோக்கி நடந்தார்.

"பாய், வேணாம். சென்னைல இருந்து இன்ஜினீயர் வரட்டும். உள்ள யாரும் போகக் கூடாது."

"அவர் வர்ற வரைக்கும் இது நிக்கணுமே மேடம். உழுந்துச்சின்னா பக்கத்து பில்டிங்கையும் இழுத்துகினு போவும். உத்தரத்துக்கு அடில நாலு முட்டு குடுத்துட்டா போதும். என் பசங்க பெருசாயிட்டாங்க. நீங்க வெளிய நில்லுங்க."

அவரைத் தடுக்க எனக்குத் தைரியம் இல்லை, கூடப் போகவும் தைரியம் இல்லை. முதல்வர்தான் போனார். வேட்டியை மடித்துக் கட்டினால் எப்படி நிற்பார்களோ அப்படிப் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, இரண்டாவது ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவர் குனிந்து ஜாக்கியின் அடித்தட்டைப் பிடித்துக்கொள்ள, பாய் திருகினார். ஒன்று, இரண்டு. மூன்றாவதை நிறுத்தும்போது டப் என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை, காய்ந்த குச்சியை ஒடித்த மாதிரி. ஒரு கூடை அளவு பூச்சு மேலேயிருந்து பெயர்ந்து முதல்வரின் முதுகில் விழுந்தது. என்னிடமிருந்து ஏதோ ஒரு குரல் வந்தது. பாய் திருகுவதை நிறுத்தவில்லை. முதல்வரும் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. நான்காவதையும் நிறுத்திவிட்டுத்தான் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். முதல்வரின் தலை, முகம், சட்டை எல்லாம் வெள்ளை. பாய் தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

கட்டடம் விழவில்லை. மறுநாள் சென்னையிலிருந்து வந்த இன்ஜினீயர் ஒரு மணி நேரம் பார்த்தார். உத்தரத்தின் முனைக்குக் கீழே பாரத்தைப் பரப்பக் கான்கிரீட் கட்டை வைத்திருக்க வேண்டும், பெயருக்கு ஒரு துண்டு வைத்திருக்கிறார்கள், செங்கல் நொறுங்கிக்கொண்டு வருகிறது என்றார். முட்டுக் கொடுக்காமல் இருந்திருந்தால் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று கேட்டேன். "நாள் கணக்கு சொல்ற நிலைமைல அது இல்லம்மா," என்றார்.

ஆனால் எனக்கு அதற்கு முந்தைய சாயங்காலம்தான் பெரியது. செய்தி பள்ளிப்பட்டுக்குப் போய்விட்டிருந்தது. பாவா மழையில் டிவிஎஸ் ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மழையில் நனைந்த துணியை மாற்ற அக்கா மகளை என்னோடு கூட்டிவந்திருந்தேன். அவர் உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"துணியெல்லாம் எடுத்துக்கோ. கிளம்பு."

"எங்க நைனா?"

"வூட்டுக்கு. இந்தப் படிப்பு வேணாம்."

"யாருக்கும் ஒண்ணும் ஆவல நைனா. சித்திதான் எல்லாரையும் வெளிய இட்டாந்துச்சி. நான் நிறுத்த மாட்டேன்."

அவர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"சுவரு வுட்டுகினு இருக்கறது உனுக்கு எப்பம்மா தெரியும்?"

இன்று காலையில்தான் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை, பாய் காட்டிக்கொடுக்க மாட்டார். நாக்கு நுனிவரை வந்தது.

"ஆறு நாளாத் தெரியும் பாவா."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன். கோபம் வரவில்லை. ஏதோ கணக்குப் போடுவதுபோல வெறுமனே நின்றார். அந்த ஆறு நாளும் அவர் மகள் காலையில் பஸ் ஏறியதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறார் என்று தோன்றியது. அக்கா மகளும் என்னைப் பார்த்தாள். முன்வரிசையில் வந்து உட்காரு என்று நான் சொன்னது அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்கும். அவள் போய் நனைந்த துணியை எடுத்து வந்தாள். வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

பார்வைக் குழு சொன்ன நாளில் வந்தது. முட்டுகளை எடுத்துவிட்டுப் பூசி மறைக்கவா முடியும்? ஆனாலும் முதல்வர் ஏதாவது சமாளிப்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ குழுவை நேரே கூடத்து வாசலுக்குக் கூட்டிப்போய், நான் விரிசலைப் பார்த்த நாளிலிருந்து நடந்ததைச் சொன்னார். குழுவில் மூத்தவர் கையெழுத்துப் போடாத அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "நல்லவேளை," என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

புதிதாகக் கேட்ட இரண்டு பிரிவுகளும் கிடைக்கவில்லை. அந்தக் கட்டடத்தை மூடச் சொன்னார்கள். பாதுகாப்பான இடத்தில் வகுப்பு நடத்தினால் முதல் அணி தொடரலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பட்டறைக் கொட்டகையில் ஒரு பக்கத்தைத் தடுத்து வகுப்பு வைத்தோம். இந்தப் பக்கம் கடைசல் இயந்திரம் ஓடும், அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் பாடம் நடக்கும். ஒன்பது நாள் கழித்து அக்கா மகள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவள் எப்படி அனுமதி வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்து, "குட் மார்னிங் மேடம்," என்றாள். சித்தி என்று கூப்பிட மறுபடி மூன்று மாதம் ஆயிற்று.

அந்த வருடக் கடைசியில் முதல்வர் வேலையை விட்டுப் போனார். போவதற்கு முந்தைய நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அந்தக் கட்டை சின்னதுன்னு எனக்குக் கோடையிலயே தெரியும் மேடம். வைக்கும்போது பார்த்தேன். கான்ட்ராக்டர் போதும்னாரு. நான் விட்டுட்டேன். முதல் விரிசல் நீங்க பார்க்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே வந்துச்சி. நான்தான் பெயிண்டர விட்டு அடைக்கச் சொன்னேன். தினம் காலைல ஏழு மணிக்கு வந்து அங்க நின்னு பார்ப்பேன். அப்புறம் நீங்க அதுக்கும் முன்னாடி வர ஆரம்பிச்சீங்க. நான் வரத நிறுத்திட்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஒரு மாசமா சார்? எப்படி உங்களால..."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க ஆறு நாள் இருந்தீங்களே. அப்படித்தான்."

எழுந்து வந்துவிட்டேன். அவர் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. அவரைக் காப்பாற்றவா, என்னைக் காப்பாற்றிக்கொள்ளவா என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது அக்கா மகள் கடைசி வருடம். கல்லூரிக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில், அஸ்திவாரத்திலிருந்து புதுக் கட்டடம் எழுந்துவிட்டது. ஒவ்வொரு தூணுக்கும் கம்பி கட்டும்போதும் கான்கிரீட் ஊற்றும்போதும் நான் நின்றேன். வரைபடத்தைக் கேட்டு வாங்கினேன். கான்ட்ராக்டருக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது. இந்த வருடம் இன்னொரு டிகிரிப் பிரிவுக்கு அனுமதி வந்திருக்கிறது.

போன மாதம் ஒரு காலை பாவா கல்லூரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். இத்தனை நாள் அக்கா மூலமாகத்தான் பேச்சு. சின்னவள் பன்னிரண்டாவது முடித்திருந்தாள்.

"புது பில்டிங்க காட்டு," என்றார்.

ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போனேன். அவர் தூண்களை விரல் முட்டியால் தட்டினார், மூலைகளை அண்ணாந்து பார்த்தார், ஜன்னல்களுக்குக் கீழே குனிந்து பார்த்தார். மொட்டை மாடிவரை ஏறினார். கடைசியில் கீழே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"நல்லா கீதா?"

"நல்லா இருக்கு பாவா. இருந்தாலும் நான் சொல்றேன்னு மட்டும் சேக்காதீங்க. வெளியாள் யாரையாவது கூட்டியாந்து காட்டுங்க."

"ஆங்," என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் வேண்டாம் என்று முடிவு செய்தால் நல்லது என்று இரண்டு நாள் நினைத்தேன். அப்படி முடிவு செய்துவிடுவாரோ என்றும் பயந்தேன். மூன்றாம் நாள் அலுவலகத்தில் வந்திருந்த விண்ணப்பங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பள்ளிப்பட்டு முகவரியோடு சின்னவளின் புகைப்படம் ஒட்டிய தாள் கையில் வந்தது. கீழே தெலுங்கில் பாவாவின் கையெழுத்து. அதை மற்றவற்றோடு சேர்த்து வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு புதுக் கட்டடத்துக்குப் போனேன். கீழ்த்தளத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு மூலையாகப் பார்க்கத் தொடங்கினேன்.